பென்டிரைவை வங்கி ஏற்காதது ஏன்?

கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் வங்கிக்கு வரும் வணிகர்கள் சிலர், கணக்கு விவரத்தைப் பென்டிரைவில் பதிந்து தருமாறு கேட்பதுண்டு. அலுவலர் அதற்கு இணங்காதது வாடிக்கையாளர்மீது நம்பிக்கை இல்லாமையால் அன்று. இந்திய ரிசர்வ் வங்கி 2.6.2016 அன்று வெளியிட்ட இணையப் பாதுகாப்புச் சுற்றறிக்கையின்படி, வங்கிகளில் இத்தகைய சேமிப்புக் கருவிகளுக்கு அனுமதியில்லை என்பதே பொது விதி. குறிப்பிட்ட தேவைக்கு, குறிப்பிட்ட காலத்திற்கு மட்டுமே விலக்கு அளிக்கலாம்.

காரணங்கள் இரண்டு. பென்டிரைவ் வழியே வைரஸ் உள்ளே வரலாம். வாடிக்கையாளரின் விவரங்கள் வெளியே செல்லலாம். 2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் வைரஸ், இணையத் தொடர்பற்ற கணினிகளுக்குள்ளும் இவ்வழியே புகக்கூடியதாக இருந்தது.

கடன் கணக்கும் வரிக் கணக்கும் வைத்துள்ள கடைக் கணினிக்கும் இக்காவல் தேவை. கேரளப் பள்ளிகளின் வாயிலாக லினக்ஸ் இங்குப் பலருக்கும் பழக்கமானதே. அதில் பென்டிரைவை இயக்குபவை ‘யூஎஸ்பி ஸ்டோரேஜ்’, ‘யூஏஎஸ்’ என்னும் இரு மென்பொருள் கூறுகள். அவை இயங்காதவாறு கணினி வல்லுநரைக் கொண்டு அமைத்துவிட்டால் பென்டிரைவ் திறக்காது. விசைப்பலகை, மவுஸ், பிரிண்டர் ஆகியவை வழக்கம்போல் இயங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள்: நிர்வாகிக்குரிய கடவுச்சொல் உரிமையாளரிடம் மட்டுமே இருத்தல் வேண்டும், ஊழியர் அதை அறிந்தால் தடையை நீக்கிவிட இயலும். கைப்பேசி வேறு முறையில் இணைவதால், அதற்குத் தனித் தடை தேவை.

கணக்கு விவரம் வேண்டுவோர் இணைய வங்கிச் சேவை வாயிலாகவோ, பதிவு செய்த மின்னஞ்சலிலோ பெற்றுக்கொள்ளலாம்.