தொட்டிலில் பிறக்கும் வியப்பு

பேசவும் அறியாத குழந்தை தன் கையிலுள்ள கிலுகிலுப்பையைக் கீழே போடுகிறது. தாய் எடுத்துக் கொடுக்கிறாள், மீண்டும் போடுகிறது. பத்தாம் முறை தாய்க்குச் சினம் எழுகிறது. சொந்த ஊராயின் எடுத்துக் கொடுக்கப் பாட்டி இருப்பாள். தில்லியிலோ மும்பையிலோ தனிக்குடித்தனம் நடத்தும் தாய்க்கு அந்தத் துணையும் இல்லை. இது குறும்புதானா என்று கேட்கும் அவளுக்கு அறிவியல் கூறும் விடை சிந்திக்கத் தக்கது.

மொழி அறியாத குழந்தையிடம் வினவி அறிதல் இயலாது. ஆகவே ஆராய்ச்சியாளர் அதன் பார்வையை அளந்தனர். எதிர்பாராத காட்சியைக் குழந்தை நெடுநேரம் உற்று நோக்கும் என்பதே இம்முறைக்கு அடிப்படை. 1992ஆம் ஆண்டில் கேரன் வின் என்னும் உளவியல் அறிஞர், ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மையைக் காட்டித் திரையால் மறைத்தார். பின்னர், அவை பார்த்திருக்கவே, மற்றொரு பொம்மையைத் திரைக்குப் பின்னே வைத்தார். திரை நீங்கியபோது இரண்டு பொம்மைகள் இருந்தால் குழந்தைகள் விரைவில் பார்வையை விலக்கின; ஒன்றே இருந்தால் அதிக நேரம் நோக்கின.

அப்பொழுது மூளையில் நிகழ்வது யாது? 2006ஆம் ஆண்டில் ஆண்ட்ரியா பெர்கரும் அவருடைய துணைவரும் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளின் தலையில் நுண்ணிய மின் உணர்விகளைப் பொருத்தி, இதையொத்த காட்சிகளைக் காட்டினர். கணக்குத் தவறியபோது தலையின் முன்பகுதியில் மின்னலைகள் மாறின. பெரியவர்கள் பிழையொன்றைக் காணும்போது தோன்றும் மாற்றத்தை அது ஒத்திருந்தது. குழந்தைக்குக் கணிதம் தெரியும் என்பது இதன் பொருளன்று. எதிர்பார்த்தது வேறு, நிகழ்ந்தது வேறு என்பதை இளம் மூளை உணர்கிறது என்பதே பொருள்.

அவ்வாறு உணர்வதால் பயன் என்ன? இதற்கு 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எய்மி ஸ்டால், லிசா ஃபைகன்சன் ஆகிய இருவரும் விடை கண்டனர். பதினொரு மாதக் குழந்தைகளுள் சிலருக்கு, பந்து சுவரை ஊடுருவிச் செல்வது போன்ற காட்சி காட்டப்பட்டது. வேறு சிலருக்கு, பொம்மை வண்டி தாங்குவதொன்றுமின்றி அந்தரத்தில் நிற்பது போன்ற காட்சி. பின்னர் அப்பொருள்களைக் கையில் கொடுத்தபோது, முதல் வகையினர் பந்தைத் தட்டிப் பார்த்தனர். இரண்டாம் வகையினர் வண்டியைக் கீழே போட்டுப் பார்த்தனர். திடப்பொருள்தானா என ஐயுற்றவர் தட்டினர். விழுமா என ஐயுற்றவர் விட்டுப் பார்த்தனர். மேலும், வியப்பூட்டிய பொருளைப் பற்றிய புதிய செய்தியைக் குழந்தைகள் நன்கு கற்றுக்கொண்டன. வழக்கம்போல் இயங்கிய பொருளைப் பற்றி அவ்வாறு கற்றதாகத் தெரியவில்லை.

எனவே வியப்பு என்பது கல்வியின் வாயில். கீழே விழும் கிலுகிலுப்பை எல்லாம் ஆராய்ச்சியே என்று கூறிவிட முடியாது. தாயின் முகத்தைத் தன்பால் திருப்பும் விளையாட்டும் அதில் கலந்திருக்கலாம். ஆயினும் அதட்டிப் பறிக்குமுன் ஒரு கணம் அக்குழந்தையின் கண்களை நோக்குங்கள். விழுங்க இயலாத, உடைந்து காயப்படுத்தாத பொருளாகப் பார்த்துக் கையில் கொடுங்கள். விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள் வேண்டுவதில்லை. அடுக்களைக் கிண்ணமும் மரக்கரண்டியும் போதும். பதினோராம் முறையும் எடுத்துக் கொடுக்கும் கை, ஒரு மாணவனுக்கு உதவும் கையாகும்.