கொல்லிமலை ஏறுமா பழைய பிரெஞ்சு கார்?

"நல்ல முறையில் பராமரிக்கப்பட்ட பழைய பிரெஞ்சு கார் விற்பனைக்கு" என்ற ஒரு வரி விளம்பரத்தைப் பார்த்தால் சபலப்படும் அன்பர்கள் நம் வியாபாரிகளிலும் உண்டு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் பலாப்பழமும் வாழைத்தாரும் வாங்கும் வியாபாரிக்கு அந்த ஆசை வந்தால், வாங்கலாமா கூடாதா? ஆசைக்கு யாரும் தடை சொல்ல முடியாது. ஆனால் போடுவது கடை முதல் ஆயிற்றே.

பிரான்சுக்கும் நம் மலைப் பாதைக்கும் சம்பந்தமே இல்லை என்று எண்ண வேண்டாம். பழைய மகேந்திரா ஜீப்பின் பெயரோடு டி.பி. என்ற இரண்டு எழுத்துக்கள் இருந்தால், அது டீசல் பெஜோ. பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் 1979ல் உரிமம் பெற்று மகேந்திரா தயாரித்த 2112 சி.சி. எஞ்சின் அது. பெட்ரோல் ஜீப்பைக் கட்டி மேய்க்க முடியாமல் திண்டாடியவர்களுக்கு இந்த டீசல் பெரிய வரப்பிரசாதமாக இருந்தது. ஜீப்பில் மூட்டை ஏற்றியவர்களில் பலருக்கு அதன் இதயம் பிரெஞ்சு இதயம் என்று தெரியாது.

பிரெஞ்சு கார்களில் நம் தொழிலுக்கு நெருங்கிய உறவுக்காரன் சிட்ரோயன் 2சி.வி. அதன் கதையே சந்தைக் கதைதான். 1930களில் சிட்ரோயன் நிர்வாகி பியேர் பூலான்ழே தம் பொறியாளர்களுக்கு இட்ட கட்டளை இது: இரண்டு விவசாயிகளையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சந்தைக்குப் போக வேண்டும், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கக் கூடாது, உழுத வயலில் ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது. முட்டைக்குப் பேர் போன நாமக்கல் மாவட்டத்தார் இந்த நிபந்தனையை மனதார மெச்சுவார்கள்!

1939ல் போர் குறுக்கிட்டது. ஜெர்மானியர் கையில் சிக்கக் கூடாதென்று மாதிரி வண்டிகளை ஒளித்து வைத்தார்கள். பலவற்றை அழித்தும் விட்டார்கள். 1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் கார் வெளிவந்தபோது 375 சி.சி., 9 குதிரைத்திறன்தான். பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். ஜனங்களோ முண்டியடித்துப் பதிவு செய்தார்கள். வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால், உடனே கைக்குக் கிடைக்கும் பழைய வண்டி புது வண்டியைவிட அதிக விலைக்குப் போனது. பஜாஜ் ஸ்கூட்டருக்கும் பியட் காருக்கும் காத்திருந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1951ல் 250 கிலோ சரக்கு ஏற்றும் வேன் வந்தது. கடைசி 2சி.வி. 1990 ஜூலையில் போர்ச்சுகலில் தயாரானது. மொத்தம் 38 லட்சத்துக்கும் மேல். வேன்களையும் சேர்த்தால் 50 லட்சத்தைத் தாண்டும்.

அந்த எஞ்சின் காற்றில் குளிர்வது. ரேடியேட்டரே கிடையாது, எனவே மலை ஏற்றத்தில் தண்ணீர் கொதிக்கும் பேச்சே இல்லை. ஆயினும் 2சி.வி. இந்தியாவில் தயாரானதே இல்லை. ஒரு சின்ன ரப்பர் வளையம் போனாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை வண்டி கொட்டகையில் நிற்கும். போட்ட பணமும் அங்கேயே நிற்கும்.

இந்தியாவிலேயே தயாரான பிரெஞ்சு கார் என்றால் 1990களின் பெஜோ 309. பம்பாய் பிரீமியர் நிறுவனமும் பெஜோவும் கூட்டுச் சேர்ந்து கல்யாணில் தயாரித்தன. பெட்ரோல் 1360 சி.சி., டீசல் 1527 சி.சி. நல்ல சவாரி, உறுதியான உடல். ஆனால் கூட்டு நிலைக்கவில்லை. தொழிலாளர் தகராறும் பணமுடையும் சேர்ந்துகொள்ள, 1997ல் பெஜோ விலகியது. கம்பெனி போன பிறகு வண்டி வைத்திருந்தவர்கள் உதிரிபாகத்துக்கு அலைந்தார்கள். நமக்குத் தெரிந்த பாடம்தானே: சரக்கு எவ்வளவு உசத்தியானாலும் ஏஜென்சி நிலைக்காவிட்டால் சரக்கு தேங்கிவிடும்.

ஆகவே 309 விலைக்கு வந்தால் டீசலையே முதலில் பாருங்கள். அதே 1527 சி.சி. பெஜோ எஞ்சின்தான் மாருதியின் டீசல் ஜென், டீசல் எஸ்டீம் கார்களிலும் வந்தது. எஞ்சின் பாகத்துக்கு ஒரு வழி உண்டு. முன் கண்ணாடி, விளக்கு, கதவு போன்றவை உடைந்தால்தான் சிரமம். ஆதலால் எஞ்சின் கொஞ்சம் தளர்ந்து உடல் முழுசாக இருக்கும் வண்டி, உடல் அடிபட்டு எஞ்சின் ஜோராக ஓடும் வண்டியைவிட மேல். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

"நன்கு பராமரிக்கப்பட்டது" என்ற வார்த்தையை நம்பி மூட்டையைக் குத்தூசி போடாமல் வாங்குவோமா? இங்கும் அப்படியே. பெயிண்ட் பளபளப்பைப் பார்க்காமல் தரை விரிப்பைத் தூக்கித் துரு பாருங்கள். ஓடாமல் நின்ற வண்டியில் பிரேக் சிலிண்டர், ரப்பர் குழாய், பெட்ரோல் டேங்க் மூன்றும் சந்தேகத்துக்குரியவை. டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண் 3214 என்றால் 2014ஆம் ஆண்டின் 32வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அதை நம்பி மலை இறங்கக் கூடாது.

காகிதத்தில் கவனம் கட்டாயம். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். தவணைக் கடன் பதிவு ரத்தாகியிருக்கிறதா என்று பாருங்கள். சொந்த உபயோகக் காருக்கு 15 ஆண்டு முடிந்ததும் ஐந்தைந்து ஆண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த காருக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. இறக்குமதிக் காருக்கு 80,000 ரூபாய். 309க்கும் 2சி.வி.க்கும் இதிலேயே 70,000 ரூபாய் வித்தியாசம்.

50 ஆண்டு தாண்டி அசல் நிலையில் இருக்கும் காரை, 2021ல் வந்த விதிப்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது, வியாபாரத்துக்கும் உபயோகிக்கக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம். சோளக்காட்டுச் சந்தைக்குப் பலாப்பழம் ஏற்றப் போக முடியாது. கடைக் கணக்கில் காரை எழுதினால் ஜி.எஸ்.டி. வரவு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு நம்புங்கள்; சாதாரணப் பயணிகள் காருக்கு நம் போன்ற கடைக்காரர்களுக்கு அது கிடையாது. இன்சூரன்சில் இத்தகைய வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். விபத்துக்குப் பிறகு பேசிப் பயனில்லை. பாலிசி எழுதும்போதே பேசிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வாங்குவதென்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் விற்பவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு முறை காரவள்ளியிலிருந்து மேலே போய் வாருங்கள். ஏறும்போது எஞ்சின் தெரியும். சோதனை இறங்கும்போதுதான்: ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பத்துப் பன்னிரண்டு வளைவுக்கு ஒரு தரம் நிறுத்தி, பிரேக் மிதி கீழே இறங்குகிறதா, சக்கரத்தில் கருகல் வாசனை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் விலையைப் பற்றிய பேச்சை அடிவாரத்தில் புதிதாக ஆரம்பிக்கலாம்.