ராஜ்கட் – தோர்ணா மலையேற்றம்: பணம் கட்டும் முன் கைடு பற்றி என்ன கேட்க வேண்டும்?

வியாழக்கிழமை சாயங்காலம் புனே ஹிஞ்சவடியில் ஏதோ ஒரு ஆபீஸின் வாட்ஸ்அப் குழுவில் போஸ்டர் ஒன்று வந்து விழும். ராஜ்கட்டில் இருந்து தோர்ணா வரை இரண்டு நாள் மலையேற்றம், டென்ட், சாப்பாடு, கைடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர்களும் உடனே பெயர் கொடுத்துவிடுகிறார்கள்.

அதில் தப்பே இல்லை. டென்ட் எப்படி இருக்கும், சாப்பாடு என்ன என்று எல்லோரும் கேட்கிறோம். ஆனால் 'கைடு' என்ற வார்த்தைக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. மலையில் சிக்கல் வந்தால் முடிவெடுக்கப் போவது அந்த ஆள்தான்.

இந்தப் பாதை எங்கே இருக்கிறது?

இரண்டு கோட்டைகளும் புனே நகருக்குத் தென்மேற்கே, சஹ்யாத்ரி மலைத்தொடரில் இருக்கின்றன. தோர்ணா சுமார் 1,400 மீட்டர் உயரம். ராஜ்கட் அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. வழக்கமாக குஞ்சவணே அல்லது பாலி கிராமத்திலிருந்து ராஜ்கட் ஏறி, அதன் மேற்குப் பக்கம் நீளும் சஞ்சீவனி மாச்சி வழியாக இறங்கி, மலை முகட்டிலேயே நடந்து தோர்ணாவின் புத்லா மாச்சியை அடைவார்கள். பிறகு வேல்ஹே கிராமத்தில் இறங்கினால் பஸ். மாச்சி என்றால் கோட்டை உச்சிக்குக் கீழே மலை நீண்டு செல்லும் சமதளப் பகுதி. அதைச் சுற்றியும் மதில் கட்டியிருப்பார்கள்.

முகட்டு நடைக்கு மட்டும் ஒரு பகல் முழுக்க ஆகும். இன்னும் ஒன்றிரண்டு நாள் கூடுதலாக வைத்திருப்பவர்கள் தோர்ணாவிலிருந்து மேற்கே நடந்து, மலைச்சரிவில் உள்ள செங்குத்தான ஓடைப் பள்ளங்கள் வழியாகக் கொங்கண் பக்கம் இறங்கி, ராய்கட் வரை போகிறார்கள். ராஜ்கட், ராய்கட் இரண்டும் வேறு வேறு கோட்டைகள். புக் செய்யும்போது பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

சிவாஜி தன் பதின்ம வயதில், 1646 வாக்கில், முதலில் பிடித்த கோட்டைகளில் ஒன்று தோர்ணா. அங்கே கிடைத்த புதையலை வைத்துத்தான் ராஜ்கட்டைக் கட்டினார் என்று சொல்வார்கள். ராஜ்கட் ஏறக்குறைய 25 ஆண்டுகள் அவருடைய தலைநகராக இருந்தது. 1666-ல் ஆக்ராவிலிருந்து தப்பி வந்தபோது திரும்பிச் சேர்ந்த இடமும் இதுதான். பிறகு தலைநகர் ராய்கட்டுக்கு மாறியது, 1674-ல் முடிசூட்டு விழா அங்கே நடந்தது.

நமக்கு நெருக்கமான கதை ஒன்றும் இருக்கிறது. சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் 1670-ல் பிறந்தது ராஜ்கட்டில். 1689-ல் முகலாயப் படை ராய்கட்டை நெருக்கியபோது, அவர் அங்கிருந்து தப்பித் தெற்கே வந்து சேர்ந்தது நம்ம ஊர் செஞ்சிக் கோட்டைக்கு. 1698-ல் முகலாயர்கள் அதைப் பிடிக்கும் வரை மராட்டிய அரசு அங்கிருந்துதான் இயங்கியது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் ராஜ்கட், ராய்கட்டோடு செஞ்சியும் இருப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். தோர்ணா அந்தப் பட்டியலில் இல்லை.

உயரம் கம்மிதானே, கைடு எதற்கு?

பெருவில் மச்சு பிச்சுவுக்குப் போகும் 4 நாள் இன்கா பாதை 4,200 மீட்டர் வரை ஏறுகிறது. அங்கே மூச்சுத் திணறல்தான் முதல் பயம். சஹ்யாத்ரியில் அந்தப் பிரச்னை இல்லை. இங்கே ஆபத்து வேறு மாதிரி.

முதலாவது, தண்ணீர். முகட்டில் நிழல் குறைவு. குளமும் பாறைத் தொட்டிகளும் கோட்டைகளில் இருக்கின்றன, நடுவழியில் நம்பி இறங்க முடியாது. ஆளுக்கு 3 முதல் 4 லிட்டர் சுமக்க வேண்டும்.

இரண்டாவது, தரை. இது எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக இறுகிய பாறை. ஓர் அடுக்கு சமதளமாக இருக்கும், அடுத்தது செங்குத்தாக விழும். மழையில் பாசி வழுக்கும், கோடையில் பொடிக்கல் உருளும்.

மூன்றாவது, கிளைப் பாதைகள். மாடு போகும் தடமும் மனிதர் போகும் தடமும் ஒரே மாதிரி தெரியும். மூடுபனியில் பத்தடி தூரம்கூடத் தெரியாது. போனில் உள்ள மேப், சிக்னல் எதையும் நம்ப முடியாது.

நான்காவது, மலைத்தேனீ. கோட்டைப் பாறைகளில் பெரிய கூடுகள் இருக்கும். புகை, சென்ட் வாசனை, கூச்சல் எல்லாம் அவற்றைக் கிளப்பிவிடும்.

இவை ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எந்த மாதத்தில் வரும் என்று தெரிந்தவர்தான் கைடு. வழியில் போட்டோ எடுத்துத் தருபவர் அல்ல.

குரங்கணியிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம்?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வார இறுதிக்கு மலையேறக் கிளம்பி வந்த குழுக்கள்தான் சிக்கின. சென்னையில் வேலை பார்த்த இளைஞர்கள் பலர் அதில் இருந்தார்கள். மார்ச் மாதம், காய்ந்த புல், காற்று, தப்பிக்க வழி தெரியாத சரிவு என எல்லாம் ஒன்றுசேர்ந்த நாள் அது.

அதன் பிறகு தமிழக அரசு 2018-லேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் கீழ் 40 பாதைகளை வனத்துறை மூலமே, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது. சஹ்யாத்ரியிலும் மார்ச், ஏப்ரலில் புல் அதே மாதிரி காய்ந்துதான் கிடக்கும்.

மகாராஷ்டிராவில் விதி என்ன?

மாநில அரசு 2021 ஆகஸ்டில் சாகசச் சுற்றுலாக் கொள்கையை வெளியிட்டது. மலையேற்றம் நடத்துபவர்கள் சுற்றுலா இயக்குநரகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. மழைக்காலத்தில் கூட்டம் சேரும் இடங்களுக்கு மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போடுவதும் உண்டு. ராஜ்கட் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. முன்பு பத்மாவதி கோயிலில் படுத்துக்கொள்வது வழக்கம், இப்போது கோட்டையில் இரவு தங்கக் கட்டுப்பாடு வந்துவிட்டது. போஸ்டரில் 'கோட்டை மேல் டென்ட்' என்று இருந்தால் அனுமதி பற்றிக் கேளுங்கள்.

இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் விடுவதில்லை. அந்தக் கணக்கில் கைடும் சுமை தூக்குபவர்களும் சேர்த்தி. உரிமம் பெற்ற நிறுவனம் இல்லாமல் போக முடியாது. ஒவ்வொரு பிப்ரவரியும் பராமரிப்புக்காகப் பாதையை மூடிவிடுகிறார்கள். நம் பக்கம் அந்த அளவுக்குக் கெடுபிடி இல்லை, அதனால் கேள்வி கேட்கும் வேலை நம் தலையில் விழுகிறது.

என்ன கேட்க வேண்டும்?

* பதிவு எண் இருக்கிறதா? கேட்டவுடன் அனுப்ப வேண்டும்.
* எத்தனை பேருக்கு ஒரு லீடர்? முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் கட்டாயம் வேண்டும்.
* லீடருக்கு முதலுதவிப் பயிற்சி உண்டா? உத்தரகாசி, டார்ஜிலிங் போன்ற இடங்களில் உள்ள மலையேற்ற நிறுவனங்களில் படித்தவரா? இந்தப் பாதையில் அதே மாதத்தில் முன்பு நடந்திருக்கிறாரா?
* கூடவே அடிவாரக் கிராமத்து ஆள் வருகிறாரா? அவருக்குத் தனியாகக் கூலி உண்டா? தடம் அவருக்குத்தான் மனப்பாடம்.
* யாருக்காவது கால் பிசகினால் எந்த வழியாக இறக்குவீர்கள்? ராஜ்கட்டுக்கும் தோர்ணாவுக்கும் நடுவில் தார்ரோடு குறுக்கிடும் கணவாய் ஒன்று உண்டு. வழி தெரிந்தவர் அதை உடனே சொல்வார்.
* எந்தச் சூழ்நிலையில் பாதியில் திரும்புவீர்கள்? பணம் திரும்ப வருமா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். திரும்பினால் காசு போச்சு என்ற நிலை இருந்தால், மழை கொட்டும்போதும் குழு மேலேதான் ஏறும்.

கிளம்பும் முன் நீங்கள் செய்ய வேண்டியது?

முதல் மலையேற்றமே இதுவாக வேண்டாம். ஒரு ஞாயிறு சிங்ககட் ஏறி இறங்கி, முழங்கால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல நேரம். ஹாஃப் ஷூ வேண்டாம், பிடிப்புள்ள ஷூ வேண்டும். ஆஸ்துமா, மாத்திரை விவரம் இருந்தால் வெட்கப்படாமல் லீடரிடம் சொல்லுங்கள்.

எந்தக் கிராமத்தில் ஏறுகிறீர்கள், எங்கே இறங்குகிறீர்கள், லீடர் நம்பர் என்ன என்பதை ரூம்மேட்டிடமும் வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள். இரவு 9 மணிக்குள் போன் வராவிட்டால் 112-ஐ அழைக்கச் சொல்லுங்கள். சஹ்யாத்ரியில் மீட்புக்கு ஓடி வருபவர்களில் பலர் தன்னார்வ மலையேறிகள். எங்கே தேடுவது என்று தெரிந்தால்தான் அவர்களால் சீக்கிரம் வர முடியும்.