கயிற்றுக்கு ஓர் உறை

கல்லூரியில் படிக்கும் என் பெண், மலையேறும் பயிற்சியில் சேரப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே ரகளை. அவள் அப்பா சம்மதித்துவிட்டார். நான்தான் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பயிற்சிக்கு என் தையல் மெஷினும் உழைக்கிறது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறைக்குப் போய் வந்தவள், கூடம் முழுக்கக் கயிற்றைப் பரப்பி, அங்குலம் அங்குலமாக விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு கெட்டிக் கயிறு, இதுவா அறுந்துடும்?" என்றேன்.

"தானா அறாதும்மா. பாறை விளிம்புதான் அறுக்கும்" என்றவள், ஒரு ஜப்பான் சம்பவத்தைச் சொன்னாள். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

1955 ஜனவரி 2. மாயே-ஹோதாகா என்ற மலையின் கிழக்குச் சரிவில் ஏறிக்கொண்டிருந்த கோரோ வகாயாமா என்ற மாணவர் கால் சறுக்கினார். சறுக்கியது கொஞ்ச தூரம்தான். கட்டியிருந்ததோ 8 மில்லிமீட்டர் நைலான் கயிறு. பழைய நார்க்கயிற்றைவிட உறுதி என்று நம்பி வாங்கியது. பாறை முனையில் பட்டதும் அறுந்துவிட்டது. பிள்ளை போய்விட்டான்.

முடிச்சு சரியில்லை, கவனக்குறைவு என்றெல்லாம் ஊர் பேசியது. கூடப்பிறந்த அண்ணன் ஷிகேயோ இஷியோகா தானே சோதித்துப் பார்த்தார். நேராக இழுத்தால் அசையாத நைலான், கூரான விளிம்பில் பட்டால் சுலபமாக அறுகிறது என்று கண்டார். ஆனால் ஏப்ரலில் பலர் முன்னிலையில் நடந்த சோதனையில் கயிறு அறவில்லை. விளிம்பை முன்கூட்டியே மழுக்கி வைத்திருந்த விஷயம் பிறகுதான் வெளிவந்தது! ஜூலை கடைசியில் உடல் கிடைத்தபோது, கயிறு கட்டினபடியே இருந்ததாம். அண்ணன் விடவில்லை. மலையேற்றக் கயிறுகளுக்கு ஜப்பான் அரசு பாதுகாப்பு விதிகள் கொண்டுவர 1975 ஆயிற்று. இருபது வருஷம்!

ஏன் இப்படி என்று புரிய நம் தையல் நூலே போதும். தொளதொளவென்று இருக்கும் நூலில் கத்தியை வைத்தால் நழுவும். விறைப்பாக இழுத்துப் பிடித்துத் தொட்டுப் பாருங்கள், பட்டென்று அறும். ஆள் தொங்கும் கயிறும் அப்படி விறைத்துத்தான் நிற்கிறது. தொங்குகிறவர் பக்கவாட்டில் ஆடினாலோ, விளிம்பு ரம்பமாகிவிடும்.

எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. தூளி கட்டும்போது, உத்தரத்தில் கயிறு படுகிற இடத்தில் சாக்குத் துண்டை மடித்து வைக்காமல் குழந்தையைப் போட விடமாட்டாள். "இதேதாம்மா, நாங்களும் உறை போடுவோம்" என்றாள் பெண். சரி, நானே தைக்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

தடிமனான கித்தான் துணி, இரண்டு மடிப்பு. நீளம் இரண்டரை அடி, அகலம் அரை அடி. கயிற்றைச் சுற்றி மூடி ஒட்டிக்கொள்ள, நீளவாக்கில் இரண்டு ஓரத்திலும் வெல்க்ரோ பட்டை. மேல் முனையில் ஒரு வளையமும் மெல்லிய கயிறும் வேண்டும். பெரிய கயிற்றோடு அதைக் கட்டாவிட்டால் உறை வழுக்கி இறங்கிவிடும். (முதல் உறையில் இதை விட்டுவிட்டு அசடு வழிந்தேன்.) நைலான் துணி வேண்டாம் என்றாள். நைலானோடு நைலான் வேகமாக உரசினால் சூட்டில் உருகுமாம்.

பயிற்சியாளர் பார்த்துச் சரி என்ற பிறகே உபயோகித்தார்கள். அதுவும் ஒரே இடத்தில் நிற்கும் கயிற்றுக்குத்தான் இந்த உறை. மேலும் கீழும் ஓடுகிற கயிறானால் பாறையின் மேலேயே கனமான விரிப்பைப் போட்டுக் கட்டிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், விளிம்பே படாத இடமாகப் பார்த்துக் கயிறு கட்டுவதுதான் முதல் வேலையாம்.

கயிற்றை மிதித்து அவளிடம் திட்டும் வாங்கினேன். மிதித்தால் மணல் உள்ளே போய், கண்ணுக்குத் தெரியாமல் இழைகளை அறுக்குமாம். துவைப்பதும் வெறும் தண்ணீரில், அழுக்கு அதிகமானால் காரமில்லாத சோப்பில், உலர்த்துவது நிழலில். ப்ளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே போகக்கூடாது. கார் பேட்டரி அமிலமும் நைலானுக்கு எமன்.

போன மாதம் திரும்பி வந்தபோது ஓர் உறையின் வெளி மடிப்பு இரண்டு அங்குலத்துக்குக் கிழிந்திருந்தது. உள்மடிப்பில் கீறல் இல்லை. கயிற்றை நானே இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டேன், வழவழவென்று இருந்தது. அவளுடைய சிநேகிதிகள் ஆறு பேர் ஆளுக்கொன்று கேட்டிருக்கிறார்கள். கித்தான் வாங்க நாளைக்குக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும்.