புராஸ்டேட் புற்றுநோய்: அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சு சிகிச்சை யாருக்கு, எப்போது?

புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுமையாக அகற்றிக்கொண்டவர்களுள் பலர், சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து, “கட்டியைத்தான் எடுத்துவிட்டார்களே, இப்போது எதற்குக் கதிர்வீச்சு?” என்ற கேள்வியுடன் மருத்துவமனைக்கு வருகின்றனர். கேள்வி நியாயமானது. இதற்கான விடை, அறுவை சிகிச்சைக்குப் பின் கிடைக்கும் இரண்டு தாள்களில் உள்ளது. ஒன்று, அகற்றப்பட்ட சுரப்பியின் நோயியல் அறிக்கை. மற்றொன்று, அதன்பின் எடுக்கப்படும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை முடிவு.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் உற்பத்தி செய்யும் ஒரு புரதம். சுரப்பி அகற்றப்பட்ட பின் அது இரத்தத்தில் இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எனவே ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் கண்டறிய இயலாத அளவுக்கு, அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமுக்கும் கீழே, சென்றுவிட வேண்டும். அவ்வாறு குறையாவிட்டாலும், குறைந்தபின் மீண்டும் ஏறத் தொடங்கினாலும், எங்கோ புராஸ்டேட் செல்கள் எஞ்சியுள்ளன என்று பொருள். அளவு 0.2 ஆகவோ அதற்கு மேலாகவோ இருந்து, மறுபரிசோதனையிலும் அது உறுதியானால், நோய் திரும்பியுள்ளதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

ஆய்வுக்கூடத் தாளில் உள்ள ‘இயல்பான அளவு’

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பெரும்பாலான ஆய்வுக்கூடங்களின் அறிக்கையில், முடிவுக்கு அருகில் ‘இயல்பான அளவு: 0 முதல் 4 வரை’ என்று அச்சிடப்பட்டிருக்கும். அது புராஸ்டேட் சுரப்பி உடலில் உள்ளவர்களுக்கான அளவு. சுரப்பியை அகற்றிக்கொண்டவருக்கு அது பொருந்தாது. அவருக்கு 0.6 என்பது இயல்பன்று. அது நோய் திரும்பியதற்கான அறிகுறி. ஆயினும், தாளில் சிவப்பு எழுத்தோ நட்சத்திரக் குறியோ இல்லாததால், ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று அதை மடித்து வைத்துவிடுபவர்கள் உண்டு. சில வேளைகளில், அறுவை சிகிச்சை நடந்தது தெரியாமல் அத்தாளைப் பார்க்கும் மருத்துவரும் அவ்வாறே கூறிவிடுகிறார். ஓராண்டுக்குப் பின் அதே நோயாளி இடுப்பு வலியுடன் வரும்போது அளவு பல மடங்கு உயர்ந்திருக்கும். அதற்குள், கதிர்வீச்சினால் நோயை முற்றிலும் நீக்கும் வாய்ப்புக் கைநழுவிப் போயிருக்கலாம்.

ஆகவே, பி.எஸ்.ஏ. முடிவை யாரிடம் காட்டினாலும், “எனக்குப் புராஸ்டேட் அகற்றப்பட்டுள்ளது” என்பதை முதலில் கூறுங்கள். இயன்றவரை ஒரே ஆய்வுக்கூடத்தில் பரிசோதனை செய்துகொண்டு, தேதியையும் அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஓர் எண்ணைத் தனியாகப் பார்ப்பதைவிட, எண்கள் எவ்வளவு விரைவாக ஏறுகின்றன என்பதே மருத்துவருக்கு மிகுந்த பொருளுடையது.

உடனே கொடுப்பதா, காத்திருப்பதா?

நோயியல் அறிக்கையில் சில குறிப்புகள் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்று அறியப்படுகிறது. வெட்டு விளிம்பில் புற்றுநோய்ச் செல்கள் காணப்படுதல், நோய் சுரப்பியின் உறையைத் தாண்டியிருத்தல், விந்துப்பையில் பரவியிருத்தல், நிணநீர்க் கணுக்களில் நோய் இருத்தல், கிளீசன் மதிப்பெண் 8 முதல் 10 வரை இருத்தல் ஆகியவை அவை. முற்காலத்தில் இத்தகையோருக்குப் பி.எஸ்.ஏ. அளவு ஏறும் வரை காத்திராமல், அறுவை சிகிச்சைக்குப் பின் சில மாதங்களிலேயே கதிர்வீச்சு அளிப்பது சிறந்தது என்று கருதப்பட்டது.

2020ஆம் ஆண்டில் வெளியான மூன்று ஆய்வுகள் இக்கருத்தை மாற்றின. ‘ரேடிகல்ஸ்’, ‘ரேவ்ஸ்’, ‘கெட்டுக் 17’ எனப்படும் அம்மூன்றிலும் நோயாளிகள் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு உடனடியாகக் கதிர்வீச்சு அளிக்கப்பட்டது. மற்றப் பிரிவினர் கண்காணிக்கப்பட்டு, பி.எஸ்.ஏ. ஏறத் தொடங்கியவுடன் மட்டும் சிகிச்சை பெற்றனர். மூன்றையும் சேர்த்து 2,153 பேரின் விவரங்களை ஆராய்ந்ததில், உடனடிச் சிகிச்சையால் நோய் கட்டுப்படுவதில் கூடுதல் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. கண்காணிப்புப் பிரிவில், அந்த ஆய்வு நேரம் வரை கதிர்வீச்சு தேவைப்பட்டவர்கள் சுமார் 39 விழுக்காட்டினர் மட்டுமே. ஏனையோர் அதுவரை கதிர்வீச்சும் அதன் பக்கவிளைவுகளும் இன்றி இருந்தனர். ரேடிகல்ஸ் ஆய்வில், சிறுநீர்ப்பாதை கடுமையாகச் சுருங்கும் தொல்லை உடனடிச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கும், கண்காணிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கும் ஏற்பட்டது. ஓராண்டு முடிவில் சிறுநீர்க் கசிவும் உடனடிச் சிகிச்சைப் பிரிவிலேயே மிகுதியாக இருந்தது.

இதனால் இன்று பெரும்பாலானோருக்குக் கண்காணிப்பே பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் இந்த ஆய்வுகளில் ‘காத்திருத்தல்’ என்பது தேதி தவறாத பரிசோதனையைக் குறிக்கும். ரேடிகல்ஸ் ஆய்வில் அளவு 0.1ஐ எட்டியதும், அல்லது தொடர்ந்து மூன்று முறை ஏறியதும், சிகிச்சை தொடங்கப்பட்டது. பரிசோதனையையே மறந்துவிடுபவருக்கு இம்முடிவுகள் பொருந்தா. மருத்துவமனைக்கு வெகு தொலைவில் வசிப்பவர், வேலைக்காக ஊர் ஊராகச் செல்பவர், அழைத்துவரத் துணை இல்லாத முதியவர் ஆகியோரின் நிலையை முடிவெடுக்கும்போதே மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூற வேண்டும். பொதுவாக முதல் இரண்டு ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், ஐந்தாண்டுகளுக்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறையும் பி.எஸ்.ஏ. பார்க்கப்படுகிறது.

நிணநீர்க் கணுக்களில் நோய் இருந்தவர்கள், உயர்ந்த கிளீசன் மதிப்பெண்ணுடன் விந்துப்பையிலும் நோய் பரவியிருந்தவர்கள் போன்றோர் மேற்கண்ட ஆய்வுகளில் குறைவாகவே இடம்பெற்றனர். அவர்களுக்கு உடனடிச் சிகிச்சை பற்றி இன்றும் தனியே ஆலோசிக்கப்படுகிறது.

அளவு ஏறிவிட்டால் காலம் தாழ்த்தக் கூடாது

பி.எஸ்.ஏ. 0.5க்குக் கீழே இருக்கும்போது, இயன்றால் 0.2 அளவிலேயே, தொடங்கப்படும் கதிர்வீச்சு நல்ல பலன் தருகிறது. அளவு உயர உயர வெற்றி வாய்ப்புக் குறைகிறது. பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் வசதி உள்ள இடங்களில் நோய் இருக்கும் இடத்தைக் கண்டறிய அது உதவும். ஆனால் இவ்வளவு குறைந்த அளவில் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போவது இயல்பே. ஸ்கேனில் தெரியும் வரை காத்திருக்கலாம் என்பது தவறான முடிவு.

அளவு சற்று உயர்ந்தவர்களுக்கும் விரைவாக ஏறுபவர்களுக்கும் கதிர்வீச்சுடன் ஹார்மோன் தடுப்பு மருந்தும் சேர்க்கப்படலாம். இது ஆறு மாத ஊசியாகவோ இரண்டாண்டு மாத்திரையாகவோ அமையும். உடல் சூடேறி வியர்த்தல், சோர்வு, எலும்பு வலுவிழத்தல் முதலிய விளைவுகள் இம்மருந்துகளால் வரக்கூடும். நீரிழிவு, இதய நோய் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

சிகிச்சை எவ்வாறு நடைபெறும்?

நம் பகுதியில் இதைக் ‘கரண்ட் வைப்பது’ என்பர். உண்மையில் மின்சாரம் உடலில் பாய்வதில்லை. நேரியல் முடுக்கி என்ற இயந்திரத்திலிருந்து வரும் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்கள், சுரப்பி இருந்த இடத்தை நோக்கிச் செலுத்தப்படுகின்றன. வலி இருக்காது. ஒரு நாள் சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்துவிடும். வீடு திரும்பியபின் உடலில் கதிர்வீச்சு தங்குவதில்லை. பேரக்குழந்தைகளைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்துத் திட்டமிடுவார்கள். தோலில் இடப்படும் அடையாளங்களைக் குளிக்கும்போது தேய்த்து அழித்துவிடக் கூடாது. வாரத்திற்கு ஐந்து நாட்கள் வீதம் ஆறரை வாரங்களில் 33 தவணைகளாக 66 கிரே அளிப்பது ஒரு முறை. நான்கு வாரங்களில் 20 தவணைகளாக 52.5 கிரே அளிப்பது மற்றொரு முறை. தொலைவிலிருந்து வருபவர்கள் குறுகிய முறை தமக்குப் பொருந்துமா என்று கேட்டறியலாம். ஒவ்வொரு நாளும் சிறுநீர்ப்பை நிறைந்தும் மலக்குடல் காலியாகவும் இருக்க வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளிக் கதிர்களிலிருந்து விலக்கி வைக்கிறது. ஆகவே கூறப்பட்ட அளவு தண்ணீரைக் கூறப்பட்ட நேரத்தில் அருந்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிறுநீர்க் கசிவு ஓரளவு சீரடைந்தபின் கதிர்வீச்சைத் தொடங்குவது நல்லது. அதுவரை இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். கசிவைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்களே மிகுதியாகத் துன்பப்படுகின்றனர்.

சிகிச்சைக் காலத்தில் அடிக்கடி சிறுநீர் கழித்தல், எரிச்சல், மலம் இளகிப் போதல், களைப்பு ஆகியவை ஏற்படலாம். பெரும்பாலானோருக்கு இவை முடிவுற்ற சில வாரங்களில் தணிந்துவிடும். விறைப்புத்தன்மைக் குறைவு தொடரலாம். அதற்கும் சிகிச்சைகள் உள்ளன, தயங்காமல் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை அடங்கும். முன் அனுமதிக்கு நோயியல் அறிக்கையும் பி.எஸ்.ஏ. முடிவுகளும் தேவைப்படும் என்பதால் அவற்றின் மூலப் பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள்.

சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம் தென்பட்டால், மூலம் என்று தாமாகவே முடிவு செய்து மருந்துக் கடையில் களிம்பு வாங்காமல் மருத்துவரிடம் செல்லவும். புராஸ்டேட் பகுதியில் கதிர்வீச்சு பெற்றிருப்பதை அவரிடம் கட்டாயம் கூறவும். கதிர்வீச்சு பெற்ற மலக்குடல் சுவரிலிருந்து திசு எடுத்தால் புண் ஆறாமல் போகக்கூடும். இச்செய்தி தெரிந்தால் மருத்துவர் அதைத் தவிர்த்து வேறு வழியில் பரிசோதிப்பார்.