சத்தம் ஊருக்கே கேட்கும்... ஆளை மட்டும் பார்க்க முடியாது! - ஒளிந்து வாழும் பிட்டர்ன் பறவை

காலி பாட்டில் வாயில் உதட்டை வெச்சு ஊதியிருக்கீங்களா? 'பூம்'னு ஒரு சத்தம் வரும்ல... அதையே ஸ்பீக்கரில் போட்டால் எப்படி இருக்கும்? இங்கிலாந்தின் நாணல் காடுகளில் வசந்த காலத்தில் கேட்கும் குரல் அப்படித்தான் இருக்கும். கத்துவது பிட்டர்ன். நம்ம கொக்குக் குடும்பம்தான். சத்தம் 5 கிலோமீட்டர் வரை கேட்கும். ஆனால், ஆள் சிக்காது!

காரணம், அதன் உடம்பு. காய்ந்த நாணலின் நிறம், அதில் கறுப்புக் கோடுகள். ஆபத்து வந்தால் அலகை வானத்தைப் பார்த்துத் தூக்கி, கழுத்தை நீட்டி அப்படியே நின்றுவிடும். காற்றில் நாணல் ஆடினால் இதுவும் சேர்ந்து ஆடும்!

'பூம்' போடுவது ஆண் மட்டும். உணவுக்குழாயில் காற்றை நிரப்பி வெளியே தள்ளும். அதோடு அப்பாவின் வேலை முடிஞ்சுது. கூடு கட்டுவது, அடைகாப்பது, குஞ்சுக்கு இரை ஊட்டுவது எல்லாம் அம்மாதான்.

இவ்வளவு ஒளிந்தும் மனிதனிடம் தப்பவில்லை. இறைச்சிக்காகச் சுட்டார்கள். சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கினார்கள். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் பிட்டர்ன் கூடு கட்டுவதே நின்றுபோனது. 1911-ல் நார்ஃபோக்கில் மீண்டும் குஞ்சு பொரித்தது. ஆனால், மிச்சமிருந்த நாணல் காடுகளும் மண் மேடிட்டுக் காயத் தொடங்கின. 1997-ல் குரல் கொடுத்த ஆண் பறவைகள் வெறும் 11!

கண்ணில் படாத பறவையை எப்படி எண்ணினாங்கன்னு கேட்கிறீங்களா? குரலை வெச்சுத்தான். ஒவ்வோர் ஆணின் 'பூம்' சத்தமும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

நல்லவேளையாக விழித்துக்கொண்டார்கள். மேடான இடங்களைத் தோண்டி நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். மீன் வந்துபோக வாய்க்கால் வெட்டினார்கள். சஃபோக்கின் லேக்கன்ஹீத்தில் ஆர்.எஸ்.பி.பி அமைப்பு கேரட் வயல்களையே வாங்கி, நாணல் காடாக மாற்றியது. இன்று பிரிட்டனில் குரல் கொடுக்கும் ஆண் பறவைகள் 200-க்கும் மேல்!

இதன் உறவுக்காரர்கள் நம்ம ஊரிலும் உண்டு. மஞ்சள் குருகு, செங்குருகு, கருங்குருகு... ஏரியோரத்துச் சம்பங்கோரையிலும் நாணலிலும் இதே போலத்தான் ஒளிந்திருக்கும். 'ஏரியைச் சுத்தம் பண்றோம்'னு அதையெல்லாம் மொத்தமா வழித்தெடுக்கும் முன்னாடி கொஞ்சம் யோசிங்க. உங்களுக்கு அது புதர். குருகுக்கு அதுதான் வீடு!