உங்களுக்குத் தெரியுமா? லாரி கேபினைத் தின்னும் துரு

பழைய லாரி கேபினில் பெயின்ட் கொப்புளித்திருந்தால், துரு பெரும்பாலும் உள்பக்கம் தொடங்கி வெளியே வந்திருக்கும். கதவின் அடிவிளிம்பு, கண்ணாடி ரப்பரின் கீழ், தரை விரிப்புக்கு அடியில் என ஈரம் தங்கும் இடங்கள்தான் முதலில் போகும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் இரட்டைத் தகட்டின் மடிப்பையே பிளந்துவிடும்.

அதன்மேல் பட்டி பூசுவது வெறும் கண்துடைப்பு. பட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வேலை தெரிந்த டிங்கர் நல்ல தகடு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே கனத்தில் ஒட்டு வைப்பார். ஒரே மூச்சில் வெல்டிங் இழுத்தால் ஒரு மில்லிமீட்டர் தகடு சூட்டில் நெளிந்துவிடும். ஆகவே இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு என வைத்து, நடுவில் ஆறவிடுவார். கதவடியிலுள்ள வடிகால் துளையைப் பெயின்ட் அடைத்துவிடாமல் பார்க்க வேண்டும்; பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.